பதினாறு நிமிட மௌனம்: செர்பியாவில் ஓராண்டாக நடந்தது என்ன?

மேகலை | 4 டிசம்பர் 2025, காலை 7:40

நண்பர்களே, ஓராண்டாக நான் விடாமல் படித்துவரும் ஒரு விஷயத்தை இங்கே திறந்து வைக்கிறேன். நம் நாளிதழ்களில் இது எப்போதாவது உலகச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியாக வந்துபோனது. அந்த நான்கு வரிக்குள் அடங்கும் விஷயம் அல்ல இது.

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11:52. செர்பியாவின் இரண்டாவது பெரிய நகரமான நோவி சாத்தில், ரயில் நிலையத்தின் முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் கூரை அப்படியே இடிந்து கீழே இருந்தவர்கள்மீது விழுந்தது. 14 பேர் அன்றே இறந்தார்கள். அவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். படுகாயமடைந்த மூவரில் ஒருவர் அதே மாதத்தில் இறந்தார். இன்னொருவர், ஓர் இளம் மாணவர், நான்கு மாதத்துக்கும் மேல் உயிருக்குப் போராடி 2025 மார்ச்சில் இறந்தார். மொத்தம் 16 உயிர்கள்.

பழைய கட்டடம்தானே, விழுந்துவிட்டது என்று கடந்துபோக முடியாது. 1964இல் கட்டப்பட்ட அந்த நிலையம், செர்பியத் தலைநகர் பெல்கிரேட்டையும் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டையும் இணைக்கும் ரயில் திட்டத்தின் பகுதியாகச் சீரமைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஒருமுறை அதிபர் அலெக்சாண்டர் வுசிச், அப்போதைய ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பானுடன் வந்து திறந்து வைத்தார். மறுபடி வேலைகள் நடந்து, 2024 ஜூலையில் இரண்டாம் முறையாகத் திறக்கப்பட்டது. நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

மக்கள் 11:52க்குச் சாலைகளில் நின்று மௌனம் காக்கத் தொடங்கினார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம். நவம்பர் 22ஆம் தேதி பெல்கிரேட்டில் நாடகக் கலைப் பீடத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஒரு கும்பல் அவர்களைத் தாக்கியது. அடுத்த சில நாட்களில் அந்த மாணவர்கள் தங்கள் பீடத்தை முற்றுகையிட்டு உள்ளேயே தங்கிவிட்டார்கள். டிசம்பர் முடிவதற்குள் நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகப் பீடங்கள் மாணவர் கையில்.

அவர்கள் கேட்டவை நான்கே. சீரமைப்பு ஆவணங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும். மாணவர்களைத் தாக்கியவர்கள்மீது வழக்குத் தொடர வேண்டும். போராட்டத்தில் கைதானவர்கள்மீதான வழக்குகளைக் கைவிட வேண்டும். உயர்கல்விக்கான நிதியை 20 சதவீதம் உயர்த்த வேண்டும். அதிபர் விலக வேண்டும் என்று இதில் எங்காவது இருக்கிறதா? இல்லை. சட்டப்படி நீ செய்யவேண்டிய வேலையைச் செய் என்றுதான் கேட்டார்கள். அதைத்தான் அந்த அரசால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

உங்கள் கருத்துகளைக் கேட்க ஆசைப்படுகிறேன்.

---

அருள்வேல் | 4 டிசம்பர் 2025, பகல் 12:15

நல்ல தொடக்கம், மேகலை. நான் கட்டுமானத் துறையில் 22 ஆண்டுகளாக இருப்பவன். ஆகவே ஆவணக் கோரிக்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதன் கனம் பலருக்குப் புரிவதில்லை.

அந்தக் கூரைக்குக் கீழே தூண் கிடையாது. கட்டடத்திலிருந்து முன்னே நீண்டு, மேலிருந்து வரும் இழுகம்பிகளால் தாங்கப்பட்டு நின்றது. இப்படிப்பட்ட அமைப்பில் உயிர்நாடி எங்கே என்றால், கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்து பற்றியிருக்கும் இடத்தில். அது வெளியே தெரியாது. அறுபது ஆண்டு மழையும் பனியும் உள்ளே இறங்கித் துருப்பிடித்திருந்தாலும் வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும். அதன்மேல் புதிதாக எந்தப் பாரத்தை ஏற்றினாலும், முதலில் அந்தப் பிடிமானத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். யார் பார்த்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள், எந்தத் தேதியில்? இவை எல்லாம் காகிதத்தில் இருக்கும். இல்லாவிட்டால், இல்லை என்பதே குற்றத்தின் சான்று.

விபத்து நடந்தவுடன் அதிகாரத் தரப்பு சொன்னது, அந்தக் கூரை சீரமைப்பில் சேரவே இல்லை என்று. பிறகு வெளிவந்த படங்களும் காகிதங்களும் அந்தப் பேச்சை நிற்கவிடவில்லை. அங்கே வேலை பார்த்த ஒரு பொறியாளர், தான் முன்பே எச்சரித்ததாக வெளிப்படையாகவே சொன்னார். டிசம்பரில் அரசு ஆவணங்களைத் தவணை தவணையாக இணையத்தில் ஏற்றியது. பெல்கிரேட் கட்டடப் பொறியியல் பீடத்தினர் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்து, முக்கியமானவை இன்னும் வரவில்லை என்றார்கள்.

இன்னொன்று. இந்த ரயில் திட்டத்தின் ஒப்பந்தம் சீன நிறுவனங்களின் கூட்டமைப்புடன், இரு அரசுகளுக்கு இடையிலான உடன்பாட்டின்கீழ் போடப்பட்டது. வழக்கமான பொதுக் கொள்முதல் விதிகள் அதற்குப் பொருந்தாது. ஒப்பந்த விவரங்களும் ரகசியம். என் துறையில் எனக்குத் தெரிந்த ஒரு உண்மை உண்டு: யாரும் எட்டிப் பார்க்க முடியாத பணித்தளத்தில் சிமென்ட் முதற்கொண்டு எல்லாமே குறையும்.

கட்டுமானத் துறை அமைச்சராக இருந்த கோரன் வெசிச் நவம்பரிலேயே பதவி விலகினார். அதே மாதம் கைதாகி, சில நாட்களில் வெளியே வந்தார். டிசம்பர் 30ஆம் தேதி 13 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஏப்ரலில் நீதிமன்றம் அதைப் போதாது என்று திருப்பி அனுப்பியது. ஆகஸ்ட்டில் ஊழல் வழக்கில் முன்னாள் அமைச்சர் தொமிஸ்லாவ் மொமிரோவிச் உட்படப் பலர் கைதானார்கள். ஓராண்டு கடந்துவிட்டது. இதுவரை ஒருவர்மீதுகூட விசாரணை தொடங்கித் தீர்ப்பு என்ற இடத்தை எட்டவில்லை.

---

நெய்தல் | 4 டிசம்பர் 2025, இரவு 9:05

இந்த இழையைப் பார்த்ததும் கை நடுங்கியது. 2022இலிருந்து ஒன்றரை ஆண்டு நோவி சாத்தில் படித்தேன். அப்போது அதிவேக ரயில் புதிது. பெல்கிரேட்டுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை வந்தால் நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு அந்த நிலையத்துக்கு ஓடுவோம். வாசலில், அந்தக் கூரைக்குக் கீழே, பெஞ்சுகள் இருக்கும். மழை பெய்தால் ஒதுங்க வேறு இடம் கிடையாது. எத்தனை முறை அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அங்கே என் அறைத்தோழியாக இருந்தவள் இன்றும் எனக்கு எழுதுகிறாள். அன்று மாலை அவள் அனுப்பிய செய்தியில், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நண்பர்கள் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகப் பெயருக்கு நேரே குறியிட்ட காகிதம் இருந்தது. அந்த நகரத்தில் அன்று எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

சிவப்புக் கை அடையாளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உள்ளங்கையில் சிவப்புச் சாயம் பூசிச் சுவரில் பதிப்பார்கள். 'உங்கள் கைகளில் இரத்தம்' என்பது அதன் பொருள். அத்துடன் 'பும்பாய்' என்ற சொல். பம்பு அடி, விடாமல் அடி என்று சொல்லுங்களேன். பேரணியில் ஆயிரம் குரல்கள் அதைச் சொல்லும்போது தரை அதிரும் என்று தோழி எழுதினாள்.

---

செழியன் | 5 டிசம்பர் 2025, காலை 8:30

துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்கிறேன். ஓராண்டு, நூற்றுக்கணக்கான ஊர்களில் பேரணி. விளைவு என்ன?

பிரதமர் மிலோஷ் வுசெவிச் ஜனவரி 28ஆம் தேதி விலகினார். சரி. ஏப்ரலில் ஜூரோ மாத்சுத் என்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பிரதமரானார். கட்சி அதே கட்சி. அதிகாரம் அதிபர் மாளிகையில்தான் இருக்கிறது. 2012இலிருந்து ஆளும் செர்பிய முற்போக்குக் கட்சி ஜூனில் சாயெச்சாரிலும் கோசியெரிச்சிலும் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வென்றது. இந்த வாரம்தான், நவம்பர் 30ஆம் தேதி, மியோனித்சா, நெகோத்தின், செசாஞ் ஆகிய மூன்று இடங்களிலும் வென்றது. வுசிச் 1998இல், அன்றைய ஆட்சியாளர் ஸ்லோபொதான் மிலோசெவிச்சின் அரசில் தகவல் துறை அமைச்சராக இருந்தவர். 2000 அக்டோபரில் மிலோசெவிச் வீழ்ந்ததை உள்ளிருந்து பார்த்தவர். ஆட்சி எப்படிச் சரிகிறது என்று அவருக்குப் பாடம் உண்டு. தெருவில் நிற்பவர்களுக்கு அந்தப் பாடம் உண்டா?

தலைவர் இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் யார் உட்காருவது? நாளை ஆட்சி கையில் வந்தால் நிதிநிலை அறிக்கையை யார் எழுதுவது?

---

மேகலை | 5 டிசம்பர் 2025, காலை 11:50

செழியன், கேள்வி நியாயமானது. ஆனால் விளைவு என்பதை நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் அளக்கிறீர்கள். நான் நடந்தவர்களின் கால்களைப் பார்க்கிறேன்.

2025 ஜனவரி கடைசியில் பெல்கிரேட் மாணவர்கள் நோவி சாத்துக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். ஏன் நடந்தார்கள்? பஸ் கிடைக்காமலா? வழியில் உள்ள சிறிய ஊர்களில் மக்கள் பார்ப்பது அரசுக்கு வேண்டிய தொலைக்காட்சிகளை மட்டுமே. அந்தத் திரையில் இந்த மாணவர்கள் அந்நியக் கூலிகள், நாட்டைக் கெடுக்க வந்தவர்கள். திரையில் பார்த்த அதே பிள்ளைகள் கொப்புளம் வெடித்த காலோடு வாசலில் வந்து நின்றபோது, கிழவிகள் அழுதுகொண்டே அணைத்துக்கொண்டார்கள். தெருவோரத்தில் அண்டா வைத்துச் சமைத்துப் போட்டார்கள். உழவர்கள் டிராக்டரோடு வந்தார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி நோவி சாத்தில் டான்யூப் நதியின் மூன்று பாலங்களும் மறிக்கப்பட்டன. மறுநாள் பெல்கிரேட்டிலிருந்து நூற்றுக்கணக்கான டாக்சிகள் கிளம்பி வந்து, நடந்துவந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போயின. யாரும் அழைக்கவில்லை. ஓட்டுநர்கள் தாங்களாகவே வந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

பிறகு பிப்ரவரி 15ஆம் தேதி, அவர்களுடைய அரசு நாளன்று, கிராகுயேவாத்ஸ் நகரம். மார்ச் 1ஆம் தேதி தெற்கே நீஷ். தலைநகரில் உட்கார்ந்துகொண்டு ஊர்களை வாருங்கள் என்று அழைக்காமல், ஊர்களைத் தேடிப் போனார்கள். செர்பிய எதிர்க்கட்சிகள் இத்தனை ஆண்டுகளில் செய்யாத வேலை இது.

வுசெவிச் ஏன் விலகினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோவி சாத்தில் இரவில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த மாணவர்களை, ஆளுங்கட்சி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். ஒரு மாணவியின் தாடை பெயர்ந்தது. விடிந்ததும் பிரதமரும் நகர மேயரும் பதவி விலகல் அறிவித்தார்கள். அந்தக் கட்சி தானாக இரக்கப்பட்டு விலகவில்லை. முந்தைய நாள் முழுக்கப் பெல்கிரேட்டின் அவுடோகொமாந்தா சந்திப்பை மாணவர்கள் 24 மணிநேரம் மறித்திருந்தார்கள். நாடே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

---

பொன்னி | 5 டிசம்பர் 2025, மாலை 4:20

நான் பள்ளி ஆசிரியை. படித்துக்கொண்டே வரும்போது ஒரு கவலை எனக்கு. பிள்ளைகளின் படிப்பு என்ன ஆனது? ஆசிரியர்கள் என்ன நிலை எடுத்தார்கள்? நெய்தல், உங்கள் தோழி மூலம் தெரிந்ததைச் சொல்வீர்களா?

---

நெய்தல் | 5 டிசம்பர் 2025, இரவு 10:40

பொன்னி அக்கா, அதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி. குளிர்கால விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளிகள் திறந்தபோது ஏராளமான ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஆதரவாகப் பாடம் நடத்த மறுத்தார்கள். அரசு சம்பளத்தில் கைவைத்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் அதே கதிதான். கைக்கு வந்த தொகை வாடகைக்கே போதவில்லை. அப்போது முன்பின் தெரியாதவர்கள் பணம் திரட்டி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். என் தோழியின் அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு பழைய மாணவரின் குடும்பம் உருளைக்கிழங்கு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனதாம். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர்களும் பிப்ரவரியில் ஒரு மாதம் பணியை நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களும் பழைய போர்வீரர்களும் மாணவர்களுக்குப் பாதுகாப்பாக ஊர்வலத்தின் விளிம்பில் வந்தார்கள். மௌனமாக நின்றவர்கள்மீது காரை ஏற்றிய சம்பவங்கள் ஜனவரியில் நடந்திருந்தன. ஆகவே அந்தப் பாதுகாப்பு வெறும் அலங்காரம் அல்ல.

படிப்பு போனதா என்றால், போனது. பல பீடங்களில் மாதக்கணக்கில் வகுப்பு இல்லை. என் தோழி அதற்காக அழுததும் உண்டு. அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள் அவள். ஆனால் அவள் சொன்ன ஒன்றை மறக்கமாட்டேன். பீடத்துக்குள் இரவில் உட்கார்ந்து நடத்தும் 'ப்ளெனும்' கூட்டத்தில்தான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேச்சை முந்நூறு பேர் குறுக்கிடாமல் கேட்டார்கள் என்றாள்.

செழியன் கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. ப்ளெனும் என்றால் அந்தப் பீடத்து மாணவர்கள் எல்லோரும் கூடி, பேசி, கை தூக்கி முடிவெடுப்பது. பத்திரிகையாளர்களிடம் பேச ஒவ்வொரு முறையும் வேறு ஆள் போவார். ஒரே முகம் இருந்தால் அந்த முகத்தை வாங்கலாம், மிரட்டலாம், அல்லது தொலைக்காட்சியில் வைத்துக் கிழிக்கலாம். முகமே இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? மார்ச்சில் மாணவர்கள், ஊர்தோறும் மக்களும் இப்படி 'ஸ்போர்' கூடுங்கள் என்று அழைத்தார்கள். அது அந்த நாட்டுச் சட்டத்திலேயே உள்ள பழைய சொல். நம் கிராமசபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

அருள்வேல் | 6 டிசம்பர் 2025, காலை 6:55

மார்ச் 15 பற்றியும் பதிவாக வேண்டும். பெல்கிரேட்டில் அன்று கூடிய கூட்டத்தை உள்துறை அமைச்சகம் 107,000 என்றது. பொதுக்கூட்டங்களைக் கணக்கிடும் தனியார் ஆவணக் குழு, 275,000 முதல் 325,000 வரை என்றது. மொத்த மக்கள்தொகையே 70 லட்சத்துக்கும் குறைவான நாடு அது.

மாலையில் 15 நிமிட மௌனம் நடந்துகொண்டிருந்தது. அப்போது இறந்தவர்கள் 15 பேர். திடீரென்று மன்னர் மிலான் தெருவில் நின்றிருந்த கூட்டம் நடுவில் பிளந்து, மக்கள் இருபுறமும் தெறித்து ஓடினார்கள். பெரிய இயந்திரம் ஒன்று தங்களை நோக்கிப் பாய்வதுபோல் இருந்தது என்று பலர் சொன்னார்கள். ஒலி ஆயுதம் பயன்படுத்தப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அரசு மறுத்தது. அப்படிப்பட்ட கருவிகள் காவல்துறையிடம் இருக்கின்றன, ஆனால் பயன்படுத்தப்படவில்லை என்பதுவரை பிறகு ஒப்புக்கொண்டது. ரஷ்ய உளவுத்துறையை அழைத்து, நடக்கவில்லை என்று அறிக்கையும் வாங்கியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ ஏப்ரல் கடைசியில், அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்கால நடவடிக்கையாகச் சொன்னது.

இறந்தவர்களுக்காகப் பேசாமல் நிற்கும் கூட்டத்தில், அதுவும் அந்த மௌனத்தின் நடுவே இது நடந்திருந்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

---

செழியன் | 6 டிசம்பர் 2025, காலை 10:10

அருள்வேல், நெய்தல் இருவருக்கும் நன்றி. பல விவரங்கள் எனக்குப் புதியவை. ஆனாலும் என் தயக்கம் இரண்டு இடத்தில் நிற்கிறது.

ஒன்று, ஜூன் 28 விதொவ்தான் பேரணி. 1389 கொசோவோ போரை நினைவுகூரும் நாள் அது. 1989இல் அதே நாளில் மிலோசெவிச் பேசிய தேசியவாதப் பேச்சு, தொண்ணூறுகளின் யூகோஸ்லாவியப் போர்களில் கொண்டுபோய் விட்டது என்பது உலகமே அறியும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்து, மேடையில் கொசோவோ பற்றித் தேசியவாதம் கமழும் உரைகள் ஒலித்தன. மாணவர்களை ஆதரித்த பலரே முகம் சுளித்தார்கள். போஸ்னியாவில், கொசோவோவில் அதைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இரண்டு, ஆகஸ்ட். வர்பாஸ், பாச்கா பலாங்கா, நோவி சாத் என்று அடிதடி பரவியது. வால்யேவோவில் ஆளுங்கட்சி அலுவலகம் தீக்கிரையானது. தொடங்கிவைத்தது எந்தப் பக்கம் என்றாலும், மௌனத்தில் தொடங்கிய இயக்கத்துக்கு அது நல்லதா?

---

மேகலை | 6 டிசம்பர் 2025, பகல் 1:30

விதொவ்தான் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். எனக்கும் அந்த உரைகள் கசந்தன. மாணவர்கள் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். அவர்களில் தேசியவாதிகளும் இடதுசாரிகளும் அரசியலே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே குடையில் வைக்க முயன்றபோது அன்று குடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே இயக்கத்தில்தான் நோவி பாசாரும் இருக்கிறது. தென்மேற்கே, போஸ்னிய முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். தொண்ணூறுகளில் அந்த மக்கள் தங்கள் நாட்டிலேயே அச்சத்தோடு வாழ்ந்தவர்கள். பெல்கிரேட்டில் பலருக்கு அவர்கள் எப்போதும் சற்றுத் தள்ளி நிற்கும் ஆட்கள். அங்கேயுள்ள அரசுப் பல்கலைக்கழக மாணவர்களும் முற்றுகையில் சேர்ந்தார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் அந்த ஊருக்குப் போய்ப் பேரணி நடத்தினார்கள். இந்த அக்டோபரில் நோவி பாசார் மாணவர்கள் 16 நாட்கள் நடந்து, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் கடந்து, முதலாண்டு நினைவு நாளுக்கு நோவி சாத் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாளுக்கு ஓர் உயிர். முக்காடு அணிந்த பெண்பிள்ளைகளை வழியெல்லாம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் கிராமங்கள் கண்ணீரோடு வரவேற்றன. எனக்குத் தெரிந்து, முப்பது ஆண்டுகளாக எந்தச் சமரசப் பேச்சும் செய்யாததை அந்த 16 நாட்கள் செய்தன.

ஆகஸ்ட் வன்முறை இயக்கத்துக்குக் கேடு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் முகமூடி அணிந்தவர்கள் ஆளுங்கட்சி அலுவலகங்களின் பக்கத்திலிருந்து வாணவெடிகளைக் கூட்டத்தின்மீது வீசும் காட்சிகளையும் பார்த்தேன். காவல்துறை எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றது என்பதையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

---

நெய்தல் | 6 டிசம்பர் 2025, மாலை 6:15

'சாத்சி'யைச் சொல்லாமல் விட்டால் அந்த நாட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜனவரியில் நோவி சாத்தில் ஒரு பள்ளியின் அருகே யாரோ 'மாணவர்களே பள்ளிக்குப் போங்கள்' என்று போராட்டத்துக்கு எதிராக எழுதினார்கள். 'ஜாத்சி' என்றால் மாணவர்கள். சிரிலிக் எழுத்தில் ஜவுக்கும் சவுக்கும் ஒரு சின்ன வளைவுதான் வேறுபாடு. அதில் பிழை. 'சாத்சி' என்று எழுதிவிட்டார்கள். லகரமும் ளகரமும் மாறிப்போனால் நம் தமிழாசிரியர்கள் எப்படிப் பிடித்துக்கொள்வார்களோ, அப்படி ஊரே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அரசின் ஆதரவாளர்களுக்கு அதுவே பெயர். மார்ச்சில் அதிபர் மாளிகை எதிரே பூங்காவில், 'படிக்க விரும்பும் மாணவர்கள்' என்ற பெயரில் அரசு ஆதரவுக் கூடாரங்கள் முளைத்தபோது அந்த இடம் 'சாத்சிலாந்து' ஆனது. அக்டோபர் 22ஆம் தேதி அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு கூடாரம் எரிந்தது. அதற்குப் பிறகும் கூடாரங்கள் அங்கே இருந்தன.

அந்தக் கூடாரங்களுக்கு அருகில், நாடாளுமன்றத்தின் எதிரேதான், நோவி சாத்தில் மகனை இழந்த ஒரு தாய் நவம்பர் 2ஆம் தேதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். முந்தைய நாள்தான் பல்லாயிரம் பேர் நிலையத்தின் முன்னே 16 நிமிடம் மௌனமாக நின்றிருந்தார்கள். என் தோழியும் நின்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் குழந்தைகள் அழும் சத்தம் மட்டும் கேட்டது என்று எழுதியிருந்தாள். அந்தத் தாய் கேட்டதும் புதிதாக எதுவும் இல்லை. பொறுப்பானவர்கள் யார் என்று சொல்லுங்கள், தேர்தலை நடத்துங்கள்.

---

அருள்வேல் | 6 டிசம்பர் 2025, இரவு 8:50

என் துறைக்காரன் கண்ணில் பட்ட இன்னொன்று. கூரை விழுந்து ஓராண்டு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 7ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரு தனிச்சட்டம் போட்டது. 1999இல் நேட்டோ குண்டுவீச்சில் சிதைந்த பழைய ராணுவத் தலைமையகக் கட்டடங்கள் பெல்கிரேட்டில் இருக்கின்றன. அந்த இடத்தில் டிரம்பின் மருமகன் குஷ்னரின் நிறுவனம் சொகுசு விடுதியும் குடியிருப்புகளும் கட்டுவதற்கு வழி திறக்கும் சட்டம் அது. பண்பாட்டுச் சின்னம் என்ற பாதுகாப்பு அந்தக் கட்டடங்களுக்கு இருந்தது. நாலு நாள் கழித்து மாணவர்கள் அந்தக் கட்டடங்களைச் சுற்றி மனிதச் சுவராக நின்றார்கள்.

எனக்கு இதில் வருத்தம் கட்டடம் பற்றியது மட்டுமல்ல. ரயில் நிலையத்துக்குத் தனி ஒப்பந்தம், இப்போது இதற்குத் தனிச்சட்டம். பொதுவிதியைச் சுற்றி ஒரு புறவழி போட்டுக்கொண்டே போகிறார்கள். அந்தப் புறவழியில்தான் 16 பேர் செத்தார்கள்.

---

செழியன் | 7 டிசம்பர் 2025, காலை 9:00

மேகலை, நோவி பாசார் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன்: இது வெறும் தெருக்கூச்சல் இல்லை. ஆனாலும் தேர்தலில் வெல்லாமல் எதுவும் நிலைக்காது என்பதில் மாறவில்லை. மே மாதத்திலிருந்தே மாணவர்கள் முன்கூட்டித் தேர்தல் கேட்கிறார்கள். கட்சி சாராதவர்களைக் கொண்ட பட்டியலை நிறுத்தப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். வுசிச் 2026க்குள் நடக்கும் என்கிறார். அதுவரை சிறிய ஊர்களில் வாக்குச்சாவடியில் உட்கார ஆள் வேண்டும். நெய்தல், உங்கள் தோழி போன்றவர்கள் அந்தச் சலிப்பான வேலைக்குத் தயாரா? அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

நெய்தல் | 7 டிசம்பர் 2025, இரவு 7:30

செழியன், நேற்று இரவு அவளிடமே கேட்டுவிட்டேன்.

நவம்பர் 30ஆம் தேதி அவள் நெகோத்தினில்தான் இருந்தாள். பல்கேரிய, ருமேனிய எல்லைகளை ஒட்டிய ஊர். ஒரு வாரம் முன்பே போய் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். சிலர் உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்கள். சிலர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். ஒரு முதியவர், எனக்கு ஓய்வூதியம் தருபவரை நான் எதற்குக் கைவிட வேண்டும் என்று கேட்டாராம். அவரோடு முக்கால் மணிநேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அவர் மனம் மாறவில்லை. போகும்போது பையில் வால்நட் போட்டு அனுப்பினார். வாக்கெண்ணிக்கை முடியும்வரை இருந்து, தோல்வியோடு இரவு பஸ்ஸில் திரும்பினாள். அடுத்த தேர்தலுக்கு வாக்குச்சாவடிக் கண்காணிப்புப் பயிற்சியில் பெயர் கொடுத்திருக்கிறாள்.

அவள் தெருவிலும் ஸ்போர் நடக்கிறது. முதலில் முப்பது பேர் வந்தார்கள். இப்போது குளிரில் பன்னிரண்டு பேர் வருகிறார்களாம். போன கூட்டத்தில் அவர்கள் பேசியது அதிபரைப் பற்றி அல்ல. அந்தத் தெருவில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. வாசலுக்கு மேலே ஒரு பழைய கான்கிரீட் விதானம். அதைக் கடைசியாக எந்தப் பொறியாளர் எப்போது பரிசோதித்தார், அறிக்கை எங்கே என்று கேட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் தகவலறியும் மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் அவள் அம்மாவும் ஒருவர்.

மனு கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். அருள்வேல் அண்ணா, அறிக்கை வந்தால் அதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கச் சொன்னாள்.

---

அருள்வேல் | 7 டிசம்பர் 2025, இரவு 8:05

கையெழுத்தையும் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, பிடிமானத்தைத் திறந்து பார்த்தார்களா, வெளியிலிருந்து கண்ணால் மட்டும் பார்த்தார்களா என்று. அந்த வரி அறிக்கையில் இல்லையென்றால் அதற்கு இன்னொரு மனு கொடுக்கச் சொல்லுங்கள். நகல் அனுப்பினால் நான் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.